மூவாயிரத்தில் நானூற்றுப் பதினேழாவது

தேவதாரு மரப்பெட்டி. உள்ளே பட்டு மெத்தை.
மெத்தையில் ஒற்றைச் சுருட்டு
மல்லாந்து படுத்திருக்கிறது,
இடுப்பில் பொன்பட்டை, பட்டையில் எண்: 417 / 3000.
இனி இந்த வகை சுற்றமாட்டார்களாம்.
நிக்கராகுவா இலை, ஏழு வருஷம் இருட்டில் கிடந்தது
என்றார் கப்பலூர் நூல் கிடங்கு வேலாயுதபெருமாள்,
கார்க் கதவைத் தானே திறந்துவிட்டு.
"சார் சுருட்டு ரசிகர்னு கேள்விப்பட்டேன்."

சரியாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறார்.
எரிந்ததற்கு விலை சொல்வது என் பிழைப்பு,
இன்சூரன்ஸ் சர்வேயர், இருபத்தாறு வருஷம்.
எரிவதற்கு மார்க் போடுவது பொழுதுபோக்கு.
இரண்டும் ஒரே நோட்டில்:
முன்பக்கத்திலிருந்து அது, பின்பக்கத்திலிருந்து இது.

திருநகர் மொட்டைமாடி, இரவு பத்தேகால்.
கரண்ட் போயிருக்கிறது,
பரங்குன்றத்து மலை கொஞ்சம் கிட்டே வந்து நிற்கிறது.
பற்றவைக்கும் முன் வெறும் இழுப்பு:
சிப்பம் பிரித்த கருப்பட்டி, அதைக் கட்டியிருந்த ஓலை.

முதல் மூன்றில் ஒரு பங்கு.
மிளகு, நாக்கின் நடுவில் இல்லை, ஓரங்களில்.
பிறகு வறுத்த கொத்தமல்லி.
பிறகு, இதை எப்படி எழுதுவது,
விளக்குத்தூண் பக்கம் தள்ளுவண்டியில் குடிக்கும்
பருத்திப்பாலின் கடைசி மிடறு,
சுக்கு அடியில் தங்கியது.
சாம்பல் வெள்ளை, கெட்டி.
ஒன்றரை அங்குலம் வரை உதிரவில்லை.

இரண்டாம் பங்கின் தொடக்கத்தில் போன் வந்தது.
கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டுக் கீழே போனேன்.
சுருட்டு பிடித்ததா என்று கேட்டார்,
ரிப்போர்ட் எப்போது என்று கேட்கவில்லை.
பதினோரு நிமிஷம் கழித்து மாடியேறினால்
கங்கு அப்படியே இருக்கிறது,
யாரும் இழுக்காமலே, நிதானமாக.
குறித்துக்கொண்டேன்: எரிதல் பிரமாதம்.

குறித்த பிறகுதான் ஒச்சப்பன் ஞாபகம்.
கிடங்கு வாட்ச்மேன். வலது உள்ளங்கையில் கட்டு.
அவன் போட்ட பீடிதான் காரணம் என்று
முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார்.
கருகிய ஷட்டர் பக்கம் நின்று அவன் சொன்னான்:
"இழுக்கலைன்னா தானா அணைஞ்சிரும் சார்.
பீடிக்கு அம்புட்டுத்தான் ஆயுசு."
நான் தலையாட்டினேன்.
எழுதிக்கொள்ளவில்லை.
கார் சீட்டில் இந்தப் பெட்டி இருந்தது.

பையில் சாம்பிள் நூல்கட்டு ஒன்று, எரியாதது.
417ஐ அதன்மேல் வைத்து அழுத்தினேன்.
கருப்பு வட்டம். ஒரு சிவப்புக் கோடு
எறும்பு மாதிரி ஊர்கிறது.
ஒரு விரற்கடை போகப் பதினேழு நிமிஷம்.
கிடங்கோ, எதிர் டீக்கடைக்காரர் சொன்னபடி,
பத்தே நிமிஷத்தில் கூரையைத் தாண்டியிருக்கிறது.
அதன் சிமெண்ட் தரை
ஓடை ஓடையாகப் பொரிந்திருந்ததைப் பார்த்தேன்.
ஏதோ ஊற்றி ஓடிய தடம்.
பார்த்தேன்தான்.

கடைசிப் பங்கு.
எந்தச் சுருட்டும் இங்கே கசக்கும்.
இதுவும் கசக்கட்டும் என்று காத்திருந்தேன்,
கசந்தால் சௌகரியம்.
கசக்கவில்லை.
தோல், ஈரமண், லேசாகத் தேன்,
விரல் சுடும்வரை விடமுடியவில்லை.

மார்க்: நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.
ஒன்றுகூடக் குறைக்க மனம் வரவில்லை.
விலை: தெரியாது.

நோட்டை முன்பக்கம் திருப்பினேன்.
தீக்கான காரணம் என்ற கட்டத்தில்
மத்தியானமே பென்சிலால் எழுதியிருக்கிறேன்: பீடி.
கீழே போய்ப் பையனின் ஜாமெட்ரி பாக்ஸைத்
தூக்கம் கலைக்காமல் திறந்து
ரப்பரால் அழித்தேன்.
விரலில் சாம்பல் இருந்திருக்கிறது.
அழித்த இடம் கருத்துப்போயிற்று.
அதன் மேலேயே
பேனாவால் எழுத ஆரம்பித்தேன்.